முதல் படியில் நிறுத்தப்படும் சமூகநீதி

1975 ஜூன் 23. நெருக்கடி நிலை அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்றிய அரசு ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில் எவற்றுக்கெல்லாம் பட்டியல் சாதி, பழங்குடியினர் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு தரலாம் என்பதை அது வரையறுத்தது. நிபந்தனைகள் மூன்று. முதலாவது, அது அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பதவியாக இருக்க வேண்டும். இரண்டாவது, ‘ஏ’ பிரிவுப் பணியின் கடைசிப் படிக்கு மேலே இருக்க வேண்டும். மூன்றாவது, ஆராய்ச்சி செய்வதற்கோ, ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கவோ, வழிகாட்டவோ, இயக்கவோ உரிய பதவியாக இருக்க வேண்டும்.

தோழர்களே, கடைசி இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள். முதல் படியில் நீங்கள் ஏறலாம். அதற்கு மேல், ஆராய்ச்சியை வழிநடத்தும் இடம் வந்தால் அங்கே உங்கள் பங்கு பற்றிப் பேசக் கூடாது. இதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவின் ஆய்வு நிறுவனங்களை யார் தலைமை தாங்கி நடத்துகிறார்கள் என்று கேட்டால், “அறிவியலுக்கு ஏது சாதி?” என்பார்கள். புவியீர்ப்பு விசைக்குச் சாதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வுக் குழுக்களுக்கு உண்டு. அந்த 1975 குறிப்பாணையின் சிந்தனை அதன்பிறகு நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எப்படித் தொடர்ந்தது என்பதைப் பாருங்கள்.

1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நாம் கொண்டாடிய அதே தீர்ப்பில், இடஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்று சில பதவிகள் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன. ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள், பேராசிரியர் நிலையும் அதற்கு மேலும் உள்ள ஆசிரியர் பதவிகள், மருத்துவத்தில் உயர்சிறப்புப் பிரிவுப் பதவிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. 2013இல் எய்ம்ஸ் ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதையே பின்பற்றி, உயர்சிறப்பு மருத்துவப் பதவிகளில் இடஒதுக்கீடு கூடாது என்றது.

2019இல் ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 4ஆம் பிரிவு, பட்டியலிட்ட எட்டு நிறுவனங்களுக்கு விலக்கு தருகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தேசிய மூளை ஆராய்ச்சி மையம், ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம் ஆகியவை அதில் அடங்கும். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும்கூட உண்டு. அந்த உறுப்பு நிறுவனங்களில் மும்பையின் டாடா நினைவுப் புற்றுநோய் மையம் ஒன்று. நம் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் அவற்றில் சேர்த்தி.

2020இல் ஐஐடிகளில் இடஒதுக்கீட்டைச் சரியாக நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள் என்று ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் டெல்லி ஐஐடியின் அன்றைய இயக்குநர் வி. ராம்கோபால் ராவ். அந்தக் குழு சொன்ன வழி: ஐஐடிகளையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் உதவிப் பேராசிரியர் நிலையோடு இடஒதுக்கீட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் படியோடு நில் என்ற 1975இன் குரல்தான் 45 ஆண்டுகள் கழித்தும் பேசுகிறது.

விளைவு என்ன? 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் பத்திரிகையாளர் அங்குர் பாலிவால் தொகுத்து வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முன்னணி ஐந்து ஐஐடிகளில் பேராசிரியர்களில் 98 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். உதவி, இணைப் பேராசிரியர்களிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் அவர்களே. இயக்குநர்கள் இந்தப் பேராசிரியர் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள்.

இதற்குச் சட்டத்தின் ஓட்டை மட்டும் காரணமில்லை. ஒரு விஞ்ஞானி எப்படித் தலைவராகிறார் என்று கவனியுங்கள். முதலில் நல்ல வழிகாட்டியிடம் முனைவர் பட்டம். அவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். அதை வைத்து வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு. திரும்பி வந்தால் வேலை கொடுக்க, இங்கே பெயர் தெரிந்த ஒருவர் வேண்டும். பிறகு ஆய்வு நிதி, ஆய்வகம், விருது. விருதுக்கு யாராவது முன்மொழிய வேண்டும். அறிவியல் கழகங்களில் உறுப்பினராக வேண்டுமானால் ஏற்கனவே உறுப்பினராக இருப்பவர்கள் முன்மொழிய வேண்டும். இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் இயக்குநரைத் தேடும் குழுவின் கண்ணில் நீங்கள் படுவீர்கள். ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் தமிழ் பேசும் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னை மனதாரப் பாராட்டினார். “உங்க ஊர்லேர்ந்து நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்ப்பா” என்றார். என் பக்கத்தில் நின்ற நண்பனின் தாத்தா ஒரு பேராசிரியர். அவனிடம் திரும்பி, “அடுத்து எந்த லேப்புக்கு எழுதப் போறே? நான் ஒரு மெயில் போடட்டுமா?” என்று கேட்டார். அவரிடம் துளியும் வெறுப்பில்லை. எனக்கு அது முடிவிடம், அவனுக்கு அது தொடக்கம் என்று அவருக்கு இயல்பாகவே தோன்றியது. அந்த ஒரு மின்னஞ்சலின் மதிப்பை எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் கணக்கிட முடியாது.

நேர்காணலில் “தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை” என்று எழுதிவிட்டு ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக வைப்பது இன்னொரு பழக்கம். அந்த ஒற்றை வரிக்குக் காரணம் கேட்டால் பதில் வராது.

மேகநாத் சாகாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்கா அருகே ஒரு கிராமத்தில் 1893இல் பிறந்தவர். அப்பா சிறு கடைக்காரர். கல்கத்தாவின் ஈடன் இந்து விடுதியில் அவரோடு சேர்ந்து உண்ண முற்பட்ட சாதி மாணவர்கள் மறுத்தார்கள். அவர் 1920இல் எழுதிய அயனியாக்கச் சமன்பாடு, விண்மீன்களின் ஒளியைப் பிரித்து அவற்றின் வெப்பநிலையை அறிய உலகுக்கு வழிகாட்டியது. 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பின்னாளில் அவர் கல்கத்தாவில் அணு இயற்பியல் நிறுவனத்தை நிறுவினார். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாகா நிறுவனமும் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் உறுப்புதான். அதாவது, சாப்பாட்டுக் கூடத்தில் ஒதுக்கப்பட்டவரின் பெயரால் நடக்கும் நிறுவனம், 2019 சட்டத்தின் இடஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறது.

“தலைமைப் பதவியில் தகுதி குறைந்தால் நாடு என்னாவது?” என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டுங்கள். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் படித்து வந்த மருத்துவர்கள்தான் நம் அரசு மருத்துவமனைகளை நடத்துகிறார்கள். 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புக்கு மகப்பேறு கால இறப்பு இந்திய அளவில் 97. தமிழ்நாட்டில் 54. இடஒதுக்கீட்டால் உயிர் போகும் என்று பயம் காட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் பதில் சொல்லட்டும்.

இதைச் சிலருக்குப் பதவி கிடைக்கும் விவகாரமாக மட்டும் சுருக்கிவிடாதீர்கள். எந்த நோயை ஆராய்வது, எந்தக் கேள்விக்கு நிதி கொடுப்பது என்று முடிவு செய்வது தலைமைதான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய்க் கூறு இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023இல். இடையில் 71 ஆண்டுகள். அது யாருடைய குழந்தைகளின் நோய் என்பதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆதிவாசிப் பெண் ஒருவர் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரானால் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி அந்த நோயைத் தன் வீட்டில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாதபோது, அது அவசர நோயாகத் தெரியாது என்கிறேன்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். 1975 குறிப்பாணை தரும் விலக்கு நீக்கப்பட வேண்டும். 2019 சட்டத்தின் விலக்குப் பட்டியல் ரத்து செய்யப்பட வேண்டும். தேர்வுக் குழுக்களிலும் இயக்குநரைத் தேடும் குழுக்களிலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பேராசிரியர்கள் முழு வாக்குரிமையோடு அமர வேண்டும். தகுதியானவர் கிடைக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் காரணத்தையும் எழுதி வெளியிட வேண்டும். உதவிப் பேராசிரியர் தொடங்கி இயக்குநர் வரை, ஒவ்வொரு படியிலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்கு அரசு இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில், அல்லது நீங்கள் படிக்கும் ஊரில், ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேராசிரியர் நிலையிலும் அதற்கு மேலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர்? கடந்த பத்து ஆண்டுகளில் தேர்வுக் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் எத்தனை பேர் அமர்ந்தார்கள்? தகுதியானவர் இல்லை என்று காலியாக விடப்பட்ட இடங்கள் எத்தனை? பதில் வந்தால் வெளியிடுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.