உட்கார்ந்தே ஓர் எழுச்சி!



"கியருக்கு ஆயில் போடலேன்னா என்னடா ஆகும்?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கோரஸாகப் பதில் சொல்வோம். நம் இடுப்பு மூட்டைப் பற்றிக் கேட்டால்...? மௌனம்தான்!

என் அப்பா தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே. போன தீபாவளிக்குத் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டவர், எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். வயது 48! "வயசாயிடுச்சுடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயசு மட்டுமா காரணம்? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், உட்கார்ந்தே பஸ் ஓட்டிய டிரைவர்களையும், மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினார். டிரைவர்களுக்கே இதய நோய் அதிகம்! இதயத்துக்கே இந்தக் கதி என்றால் தொடைக்கு?

நாம் மட்டும் என்னவாம்? மின்சார ரயிலில் ஸீட், வகுப்பில் பெஞ்ச், லேபில் கம்ப்யூட்டர், வீட்டில் செல்போன். ஜிம்முக்குப் போறவனும் புஜத்தைத்தான் காட்டுறான். தொடையை யார் பார்க்கிறார்கள்?

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். கால் நீள நீள அதன் எடை முழங்காலிலிருந்து தள்ளிப் போகிறது, மொமென்ட் கூடுகிறது. அதைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசைகள். முழங்கால் சில்லு கப்பி மாதிரி உதவுகிறது. எல்லாம் நாம் படித்த மெக்கானிக்ஸ்தான்! அடுத்து, முழங்கால்களை மாறி மாறி மேலே தூக்குங்கள். மூன்றாவது, ஒரு கணுக்காலை மறு முழங்கால்மேல் வைத்து, முதுகு வளையாமல் முன்னே சாயுங்கள். இடுப்பின் பந்துக் கிண்ண மூட்டு திரும்பும். ஒவ்வொன்றும் பத்து முறை. வலித்தால் நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

"நடந்தா போதாதா?" என்பீர்கள். நடையும் வேண்டும். ஆனால் வாரம் இரண்டு நாளாவது தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021-ல் நம் மாநிலச் சட்டம் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொன்னது. நிற்பவனுக்கு உட்காருவது ஓய்வு; உட்கார்ந்தே இருப்பவனுக்கு அசைவுதான் ஓய்வு!

ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது அப்பா காலை நீட்டுகிறார். "என்னப்பா, உட்கார்ந்தே ஃபுட்பாலா?" என்று கேலி செய்தவர்களில் இரண்டு பேர் இப்போது அவரோடு நீட்டுகிறார்கள். பொங்கலன்றும் தரையில்தான் சாப்பிட்டார். எழும்போது சுவரைப் பிடித்தார். என் தோளைத் தேடவில்லை.

நண்பா, இந்தப் பக்கத்தையும் உட்கார்ந்துதானே படிக்கிறாய்? காலை நீட்டு!