கை சிவந்தால் கொலைகாரனா?



நேற்று நம் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. துப்பாக்கிச் சூட்டு வழக்கில் பிடிபட்ட ஒருவன் கையைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, அதன்மேல் ஏதோ திரவத்தைத் தெளிக்கிறார்கள். பஞ்சு சிவக்கிறது. "இவன்தான் சுட்டவன். இதுக்கு மேல கோர்ட்டு எதுக்கு?" என்று கீழே எழுதியிருந்தார் நம் மாப்பிள்ளை ஒருவர். அதற்குக் கைதட்டியவர்களில் மூன்று பேர் என்னிடம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்தவர்கள். அதனால்தான் இந்தக் கோபம்.

சால்ட் அனாலிசிஸ் மறந்துவிட்டதா? பொட்டாசியம் அயோடைடு விட்டதும் மஞ்சள் வீழ்படிவு வந்தது என்று அதோடு நிறுத்தி, 'ஈயம்' என்று எழுதிக் கொடுத்தவனிடம் என்ன கேட்பேன்? "உறுதிச் சோதனை எங்கேடா?"

துப்பாக்கி வழக்குகளில் ஈயத்துக்குத் தெளிப்பது சோடியம் ரோடிசோனேட். தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைக்கும் மருந்தில் பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆன்டிமனி சேர்மங்கள் இருக்கும். சுடும்போது அவை நுண்துகளாகக் கையிலும் துணியிலும் படியும். அமிலத்தன்மையில் ரோடிசோனேட் ஈயத்தோடு சேர்ந்து சிவக்கும். அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீல ஊதாவாக மாறும். மாறினால் அங்கே ஈயம் இருக்கிறது. அவ்வளவுதான். யார் சுட்டது என்று அந்த நிறத்துக்குத் தெரியாது.

ஈயம் துப்பாக்கிக்கு மட்டுமா சொந்தம்? நம் குள்ளஞ்சாவடியில் பழைய பேட்டரி பிரிக்கிற பையன் கையிலும், கடலூர் துறைமுகத்தில் வலைக்கு ஈயக்குண்டு கோக்கிறவர் கையிலும் இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? அவர்களையும் தூக்கில் போடலாமா?

சோதனையை நான் குறை சொல்லவில்லை. சட்டையில் இருக்கும் ஓட்டை குண்டு போனதுதானா, எவ்வளவு கிட்டத்தில் இருந்து சுட்டது என்று பார்க்க அது நல்ல கருவி. ஆனால் 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆருக்கும் குண்டுக் காயம், எம்.ஆர்.ராதாவுக்கும் குண்டுக் காயம். எம்.ஜி.ஆர்.தான் சுட்டார் என்றார் ராதா. நீதிமன்றம் அதை ஏற்காமல் ஏழாண்டு தண்டனை கொடுத்தது. அப்படி ஓர் அறைக்குள் சூடு நடந்தால் சுட்டவர், சுடப்பட்டவர், பக்கத்தில் இருந்தவர் எல்லார் மேலும் துகள் படியலாம். கை சிவப்பதை வைத்தா அந்த வழக்கைத் தீர்ப்பது?

இதற்கு முன்பு நைட்ரேட்டைத் தேடும் பாரஃபின் மெழுகுச் சோதனை இருந்தது. கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனின் 1964 அறிக்கையில் அதைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. 29 பேரைச் சோதித்தார்கள். 9 பேர் அப்போதுதான் சுட்டவர்கள், 20 பேர் சுடவே இல்லை. 29 பேருக்கும் பாசிட்டிவ்!

நவீனக் கருவி வந்த பிறகும் ஆபத்து போகவில்லை. லண்டனில் ஜில் டாண்டோ கொலை வழக்கில் பாரி ஜார்ஜ் என்பவருக்கு 2001இல் ஆயுள் தண்டனை. முக்கியமான தடயங்களில் ஒன்று, அவர் கோட்டுப் பையில் கிடைத்த ஒரே ஒரு துகள். 2007இல் தண்டனை ரத்தாகி, 2008இல் மறுவிசாரணையில் நிரபராதி என்று வெளியே வந்தார். போன எட்டு வருஷத்தை யார் தருவது?

இப்போது புதுச் சட்டத்தில், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்றிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நிபுணர் சொல்வது கருத்து, தீர்ப்பு அல்ல. என்னிடம் படித்து போலீஸிலும் வக்கீல் தொழிலிலும் இருக்கிற பிள்ளைகளே, கேளுங்கள்: மாதிரி எப்போது எடுத்தது? எடுத்தவர் அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டாரா? ஒரே துகளில் மூன்று தனிமமும் இருக்கிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்களா? கை கழுவினாலே துகள் போய்விடும் என்பதால், சிவக்காத கையும் நிரபராதிக் கை ஆகிவிடாது.

மதிப்பெண்ணுக்காக எழுதியபோது உங்களிடம் உறுதிச் சோதனை கேட்டேன். ஒரு மனுஷன் உயிர் விஷயத்தில் கேட்க வேண்டாமா? மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்,
குள்ளஞ்சாவடி