2,000 ஏக்கர் உறுதிமொழி

போரில் இறங்கும் நாடு தன் மக்களிடமிருந்து ஆளையும் பொருளையும் கேட்டுப் பெறும் உரிமையை எடுத்துக்கொள்ளும்போதே, களத்தில் நிற்போருக்கும் ஊரில் எஞ்சியோருக்கும் உணவளிக்கும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறது. உரிமையை முதல் நாளிலேயே நினைவில் கொள்ளும் அரசுகள், கடமையைப் பெரும்பாலும் பசி தெருவுக்கு வந்த பிறகே எண்ணிப்பார்க்கின்றன. 1943-இல் வங்கத்தில் பல இலட்சம் மக்கள் உணவின்றி மடிந்தது, அக்கடமையை மறந்த ஓர் ஆட்சியின் கீழேதான். அதே போரின்போது வட அமெரிக்கக் கோதுமை வயல்களில் அக்கடமை எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதையும், எந்த இடத்தில் அது கைவிடப்பட்டது என்பதையும் இன்று எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவுக்கு இது முதல் படிப்பினை அன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடமாநில உழவர்களின் பிள்ளைகள் படைக்குச் சென்றுவிட்டபோது, சைரஸ் மெக்கார்மிக் முதலானோர் உருவாக்கிய, குதிரைகள் இழுக்கும் அறுவடைப் பொறிகளே கதிரை வீடு சேர்த்தன. ஆள் குறைந்தும் விளைச்சல் குறையவில்லை. ஐரோப்பாவுக்குக் கோதுமை ஏற்றுமதியும் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் அதனினும் கடுமையான ஒரு முடிச்சைப் போட்டது. இளைஞர்கள் படையில் சேர்ந்தனர். சேராதோரில் பலர் கூடுதல் கூலி தந்த போர்த்தளவாட ஆலைகளுக்குப் போயினர். ஆளில்லாத வயலுக்கு இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு எஃகு வேண்டும். எஃகோ கப்பலுக்கும் பீரங்கி வண்டிக்கும் முன்பதிவாகியிருந்தது. 1942-இன் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட போர் உற்பத்தி வாரியம் வேளாண் கருவிகளின் உற்பத்தியைக் கடுமையாகச் சுருக்கிவிட்டது. முற்றிய கோதுமையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரு கல்மழை பெய்தால், பெருங்காற்று வீசினால், மணி உதிர்ந்து மண்ணோடு போகும்.

கதிரறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்யும் கூட்டு அறுவடை இயந்திரம் அப்போது புதிதன்று. ஆயினும் பரவலாக இருந்தவை டிராக்டரின் பின்னே இழுபட்டுச் செல்பவை. அவற்றுக்கு டிராக்டரில் ஓர் ஆளும், பல இடங்களில் அறுவடைப் பொறியின்மேல் மற்றோர் ஆளும் வேண்டும். வயலுக்குள் முதல் சுற்று வரும்போது, அறுவாள் கதிரைத் தொடும் முன்பே டிராக்டரின் சக்கரங்கள் விளைந்து நின்ற பயிரின்மேல் ஏறி, வேலியோரத்தில் ஒரு வரிசைக் கோதுமையை நசுக்கிவிட்டே செல்லும். விதைத்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தானே இயங்கும் பொறியிலோ வெட்டும் பகுதி சக்கரங்களுக்கு முன்னே அமைந்திருப்பதால், முதல் சுற்றிலும் ஒரு தாள் மிதிபடாது. உயரத்தில் அமர்ந்து, பதரும் தூசியும் முகத்தில் அடிக்க, ஒருவரே அதை ஓட்டிச் செல்லலாம். டிராக்டர் வேறு வேலைக்கு மிஞ்சும்.

இவ்வகைப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடி, 1924-இல் ஆஸ்திரேலியரான ஹெட்லி டெய்லர். அவருக்குப் பின் அதே நாட்டில் பிறந்த டாம் கரோல் என்ற பொறியாளர், கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸ் நிறுவனத்துக்காக 1930-களின் இறுதியில் ஒன்றை வடிவமைத்தார். முதலில் வந்த 20-ஆம் எண் பொறி எடையும் விலையும் மிகுந்திருந்தமையால், அவற்றைக் குறைத்து 21-ஆம் எண் பொறியைத் தந்தார். பொறி ஆயத்தமாயிற்று; அதைச் செய்யத்தான் எஃகு இல்லை.

அந்நிலையில், நிறுவனத்தின் அமெரிக்க விற்பனைப் பொறுப்பிலிருந்த ஜோ டக்கர் வாரியத்தின் முன் ஒரு முறையீட்டை வைத்தார். 1944 அறுவடைக்கென, ஒதுக்கீட்டுக்கு மேல் 500 பொறிகள் செய்யும் அளவுக்கு எஃகு தாருங்கள். அவற்றை வாங்குவோர் தம் வயலை மட்டும் அறுத்துக்கொண்டு வீட்டில் நிறுத்திவிடாமல், ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு பொறிக்கும் 2,000 ஏக்கருக்குக் குறையாமல் கூலிக்கு அறுத்துத் தருவதாக உறுதிமொழி தருவர் என்பது அதன் சாரம். வாரியம் இசைந்தது. பொது உடைமையாகிய அரும்பொருள் ஒருவர் கைக்குப் போகும்போது, அதனோடு அளக்கக்கூடிய ஒரு கடப்பாடும் போயிற்று என்பதையே அந்த இசைவின் சிறப்பாக நாம் கருதுகிறோம். கெஞ்சியவருக்குக் கொடுப்பதும் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அரசுகளுக்கு எளியவை. கொடுத்ததற்கு ஏக்கர்க் கணக்குக் கேட்பது அரிது.

அறுவடைப் படை என்று பெயர் பெற்ற அப்பொறிகள், டெக்சாஸில் கோதுமை முற்றத் தொடங்கியதும் புறப்பட்டு, லாரிகளில் ஏறியும் இறங்கியும், ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா மாநிலங்கள் எனப் பயிர் முற்றும் போக்கிலேயே கனடா எல்லைவரை வடக்கே சென்றன. மற்றொரு பிரிவு கலிபோர்னியாவில் தொடங்கிப் பசிபிக் வடமேற்கை நோக்கிப் போயிற்று. பருவம் முடிந்தபோது 10 இலட்சம் ஏக்கருக்கு மேல் அறுபட்டு, 2.5 கோடி புஷலுக்கு மேற்பட்ட தானியம், அதாவது ஏறத்தாழ 6 இலட்சத்து 80 ஆயிரம் டன் கோதுமைக்கு நிகரானது, களஞ்சியம் சேர்ந்திருந்தது. மிதிபடாமல் காக்கப்பட்ட தானியம் மட்டுமே 5 இலட்சம் புஷல் என்பது நிறுவனம் தந்த கணக்கு. அந்நிறுவனத்துக்கு இதில் ஆதாயமில்லாமல் இல்லை. போருக்குப் பிந்திய சந்தையில் அது முந்தி நின்றது இப்பணியால்தான். சொன்ன சொல்லைக் காத்து ஈட்டிய ஆதாயத்தைக் குறைகூற நமக்கு வழக்கில்லை.

நாம் குறைகூற வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. அதே போரின் ஆள் பற்றாக்குறைக்காக, 1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரசெரோ என்றழைக்கப்பட்ட மெக்சிகோ உழைப்பாளர்கள், மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி என்னும் வாக்குறுதியின்மேல் எல்லை கடந்து வந்து, இயந்திரம் எட்டாத பருத்தியையும் சர்க்கரைக் கிழங்கையும் காய்கனிகளையும் குனிந்து அறுத்தும் பறித்தும் தந்தனர். ஊர் திரும்பும்போது தரப்படும் சேமிப்பு என்று சொல்லி, அவர்கள் கூலியில் பத்தில் ஒரு பங்கு பிடித்துவைக்கப்பட்டது. அத்தொகை பலருக்குக் கிடைக்கவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவர்கள் முதுமையில் நீதிமன்றப் படியேறினர். 2008-இல் எட்டிய இணக்கத்தின்படி, அமெரிக்காவில் வாழ்ந்தவர்களுக்கு ஆளுக்கு 3,500 டாலர் தர மெக்சிகோ அரசு உடன்பட்டது. அதைப் பெறவும், போர்க்கால ஒப்பந்தத் தாளையோ சம்பளச் சீட்டையோ காட்ட வேண்டியிருந்தது.

பொறி வாங்கியவர் தந்த உறுதிமொழி ஒரே பருவத்தில் ஏக்கர் ஏக்கராக அளந்து பெறப்பட்டது. உழைத்தவருக்கு அரசுகள் தந்த உறுதிமொழியை அளக்க எவரும் அமர்த்தப்படவில்லை. ஒரே போர், ஒரே தேவை, ஏறத்தாழ ஒரே ஆண்டுகள். கணக்குக் கேட்கும் வலிமை மட்டும் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. இந்த வேற்றுமையைப் போர்க்கால நெருக்கடி என்று சொல்லி மன்னித்துவிட நம்மால் இயலவில்லை, ஏனெனில் 500 பொறிகளின் வேலையை அதே நெருக்கடிக்கு நடுவில்தான் எண்ணிப் பார்த்தார்கள்.

இன்று உக்ரைனில் உழவர்கள் கண்ணிவெடி புதைந்த நிலத்தில் அறுவடை இயந்திரத்தை இறக்குகிறார்கள். ஆண்கள் படைக்குச் சென்றதனால் டிராக்டரோட்டப் பெண்கள் பயில்கிறார்கள். கருங்கடல் வழியே தானியம் செல்ல 2022 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாடு, ஓராண்டுக்குள் ரஷ்யா விலகியதனால் முறிந்தது. அத்தானியத்தை நம்பியிருந்த நாடுகளில் ஏழை நாடுகள் பல. உக்ரைனுக்கு இயந்திரமும் பணமும் அளிக்கும் அரசுகள், எந்த நிலம் எத்தனை ஏக்கர் அறுபட்டது என்பதை எழுதிவைக்கும் அதே ஏட்டில், ஓட்டியவர் பெயரையும், அவருக்குச் சேர வேண்டிய கூலியையும், அவர் வெடியில் சிக்கினால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதிவைக்க வேண்டும் எனக் கேட்கிறோம். அந்த ஏடு ஒவ்வோர் அறுவடை முடிவிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.