பரப்பன அக்ரஹாரத்தின் வாசலோடு திரும்பிய நாம்

பரப்பன அக்ரஹாரம் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவர்கள் நாம்தான். 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 18 அன்று அவர் ஜாமீனில் வெளியே வரும்வரை, அங்குள்ள பெங்களூரு மத்தியச் சிறையின் வாசலில் தமிழ்ப் பத்திரிகைக்காரர் கூட்டம் கலையவில்லை. 2017 பிப்ரவரியில் சசிகலா உள்ளே போனார். 2021 ஜனவரி வரை அதே வாசல், அதே கேமராக்கள். என்ன சாப்பிடுகிறார், யார் வந்து பார்த்தார்கள், தனிச் சமையல் நடக்கிறதா என்று விடாமல் எழுதினோம், படித்தோம், டீக்கடையில் பேசினோம். அவர் கன்னடம் படிக்கிறார் என்றொரு செய்தியும் நடுவில் வந்தது. அதைப் பெட்டிச் செய்தி அளவுக்கு ரசித்துவிட்டு விட்டுவிட்டோம். உள்ளே பாடம் நடக்கிறதென்றால் நடத்துவது யார், எத்தனை பேர் உட்காருகிறார்கள், அந்தப் படிப்பு பி.ஏ. வரை போகுமா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

நாம் என்பது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூருத் தமிழர்களில் எழுதுகிறவர்கள், கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள், நடத்தி ஓய்வு பெற்றவர்கள், அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்துக் கூட்டம் என்றால் முன்வரிசையில் இடம் பிடிக்கிறவர்கள். இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் அதில் அடக்கம்.

நாட்டிலேயே அதிகக் கல்லூரிகள் உள்ள மாவட்டம் பெங்களூரு நகர மாவட்டம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 1,106 கல்லூரிகள். ஓசூர் ரோட்டில் மட்டும் எத்தனை பொறியியல், மேலாண்மைக் கல்லூரிப் பலகைகளைத் தாண்டிப் போகிறோம்! அந்த ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் அடைபட்ட சிறை. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்களின் ஊர் ஒன்று கல்லூரிகளுக்கு நடுவிலேயே இருந்துகொண்டிருக்கிறது.

கதவு அடைத்திருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1994-லேயே திகார் சிறையில் கல்வி மையம் தொடங்கியது. பிறகு பல மாநிலச் சிறைகளுக்கும் அதை விரித்தது, கைதிகளுக்குக் கட்டண விலக்கும் தந்தது. மைசூரில் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திறந்தநிலையில் சீட்டுக்குச் சண்டை இல்லை. ஒரு கைதி சேர்ந்தால் வெளியே ஒரு பிள்ளைக்கு இடம் போய்விடாது. ஆனாலும் சேர்கிறவர்கள் சிலர்தான், முடிக்கிறவர்கள் அதிலும் சிலர். விண்ணப்பத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே கிடக்கிற சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஆளில்லை என்பதே காரணம். அந்த ஆள் நாமாக இருந்திருக்கலாம்.

முதல் தடை மார்க்ஸ் கார்டு. கைதாகும்போது யாரும் அதைக் கையில் வைத்திருப்பதில்லை. வாடகை வீடு காலியாகி, மனைவி பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். படித்த பள்ளி தர்மபுரிப் பக்கமோ கோலார் தங்கவயலிலோ இருக்கும். ஒரு நகல் வாங்க இரண்டு நாள் அலைய வேண்டும், யார் அலைவார்கள்? அடுத்தது, 2024-இலிருந்து தொலைநிலைப் படிப்பில் சேர யூஜிசி கட்டாயமாக்கியிருக்கும் டெப் ஐடி என்ற பதிவு எண். அதற்கு முன் ஏபிசி ஐடி என்ற கல்விக் கணக்கு எண், அதற்கு ஆதார், ஆதாருக்கு ஓடிபி. ஓடிபி வருவது போனுக்கு. சிறைக்குள் போன் வைத்திருந்தால் அது தனி வழக்கு! நம் வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் அரைமணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுகிறோம்.

மொழியின் சங்கதி இன்னும் கசப்பு. இக்னோவின் பட்டப் படிப்புப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். மைசூர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கன்னடம் உண்டு. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பிழைக்க வந்து, இங்கே வழக்கில் சிக்கியவருக்கு? சென்னையின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழிலேயே பட்டம் தருகிறது, ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது விதி. தமிழ் வழியில் பட்டம் வாங்கும் உரிமை அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியோடு முடிந்துவிடுகிறது. மொழிக்காக இந்த ஊரில் நாம் நடத்தாத கூட்டமா? திருவள்ளுவர் சிலைத் திறப்புக்காகப் பதினெட்டு ஆண்டு காத்திருந்து 2009-இல் கொண்டாடியவர்கள் நாம். ஆங்கிலப் பாடநூலை வாரம் ஒருமுறை தமிழில் விளக்கிச் சொல்ல நாலு பேரைச் சேர்க்க முயன்றதில்லை.

கைதிகளில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களே அல்ல. 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாளைக்கே ஜாமீன் வரலாம், மூன்று வருஷம் வராமலும் இருக்கலாம். அந்த நிச்சயமின்மையில் மூன்று வருஷப் படிப்பில் சேர யாருக்கு மனம் வரும்? கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே கைதான பையன்களும் உண்டு. அவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் அடிக்கப்படுவதை ஆசிரியர்களான நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பையன் செமஸ்டர் எழுத வழியுண்டா என்று அலுவலகத்தில் கேட்டவர்கள் அபூர்வம். கேரளத்தில் 2023 நவம்பரில் இரண்டு ஆயுள் கைதிகள் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் தேறியபோது, சிறையிலிருந்தே இணைய வழியில் வகுப்பில் சேர உயர்நீதிமன்ற நீதிபதி பெச்சு குரியன் தாமஸ் அனுமதித்தார். மென்பொருளின் தலைநகரம் என்று மார்தட்டும் ஊரில் இருந்துகொண்டு அந்தச் செய்தியை நாம் படித்தோம், அவ்வளவுதான்.

ராஜீவ் கொலை வழக்கின் பேரறிவாளனை எல்லோருக்கும் தெரியும். வேலூர்ச் சிறையிலிருந்தபடி 2012-இல் பிளஸ் டூ தேர்வில் 1,200-க்கு 1,096; இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ.வும். 2022 மார்ச்சில் ஜாமீன் கொடுத்தபோது உச்சநீதிமன்றம் அந்தப் படிப்பையும் கணக்கில் எடுத்தது. மே மாதம் விடுதலை. நாம் அதை ஒரு தனி மனிதனின் உறுதியாக, ஒரு தாயின் தவமாகக் கொண்டாடினோம். அற்புதம்மாள் மாதிரி ஓர் அம்மாவும், கூடவே ஓர் இயக்கமும் வழக்கறிஞர்களும் இல்லாத கைதி எப்படிப் படிப்பான் என்று யோசிக்க அந்தக் கொண்டாட்டமே நமக்குத் தடையாகிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. வ.உ.சி. சிறையிலிருந்து ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்ததையும், அகமது நகர்க் கோட்டையில் நேரு எழுதியதையும் மேடைதோறும் சொல்வோம். அரசியலுக்காக உள்ளே போனவர் படித்தால் பெருமை. அடிதடியில் போனவர் படித்தால், “திருடனுக்கு ஓசியில் டிகிரியா?”

இந்தக் கேள்வியை அடுத்தவர் வாயில் போட்டுவிடக் கூடாது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். பிள்ளைக்கு லட்சக்கணக்கில் டொனேஷன் கட்டிய எரிச்சலில் கேட்டது. பாதிக்கப்பட்டவரின் குழந்தைக்குக் கல்லூரி கிடைத்ததா என்பது நியாயமான கேள்வி, அதை நான் தள்ளவில்லை. ஆனால் நம் எரிச்சலுக்கு அந்தக் குழந்தை காரணமல்ல. அமெரிக்காவிலும் இதே எரிச்சல்தான் 1994-இல் கைதிகளுக்குக் கல்லூரி உதவித்தொகையை நிறுத்தியது. சிறைக்குள் நடந்த கல்லூரி வகுப்புகள் மளமளவென்று மூடின. சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் சாத்தியம் 43 சதவீதம் குறைவு என்று 2013-இல் ராண்ட் ஆய்வு சொன்ன பிறகும், உதவித்தொகை முழுமையாகத் திரும்பி வர 2023 ஜூலை ஆனது. இடையில் நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரி ஆசிரியர்கள் தம் பாடத்திட்டத்தோடு நேரில் சிறைக்குள் போனார்கள். 2015-இல் அவர்களுடைய கைதி மாணவர்கள் ஹார்வர்டு அணியை விவாத மேடையில் தோற்கடித்தார்கள். பட்டிமன்றம் என்றால் உயிரை விடும் நமக்கு இது காதில் விழுந்திருக்க வேண்டும்.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் கேட்டது. மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அதே குளிர்காலத்தில் இங்கே தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. பை பையாக வாங்கினோம். ஓர் அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துப் பரப்பன அக்ரஹாரம் என்று எழுதலாமே என்று என்னோடு வந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

படித்து முடித்து வெளியே வருகிறவரை வேலைக்கு எடுப்பதும் நம் ஆட்களே. இந்த ஊர் எச்.ஆர். மேசைகளில் தமிழர்களுக்குக் குறைவில்லை. பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷனில் ‘வழக்கு’ என்று வந்ததும், எந்த வழக்கு, எப்போது, அதன் பிறகு என்ன படித்தார் என்று பார்க்காமலே கோப்பை மூடுகிறோம். இனியாவது தொடங்கலாமென்றால், இக்னோ சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. மார்க்ஸ் கார்டு நகலுக்காக ஒரு பள்ளிக்குப் போய்வரவும் ஞாயிறு காலையில் பாடம் சொல்லவும் சிறைத் தலைமைக் கண்காணிப்பாளருக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் கையெழுத்துப் போடக் கேட்டபோது, ஓய்வு பெற்ற பேராசிரிய நண்பர்கள் இருவர் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.