மீட்பது எதை?

'ஃபேக்டரி ரீஸ்டோர்' என்பதைத் தமிழில் 'மீட்பு' என்று எழுதிவிடுகிறோம். அகராதிப்படி குற்றமில்லை, ஆனால் சொல் ஏமாற்றுகிறது. லேப்டாப் மீட்டுத் தருவது நீங்கள் சேர்த்துவைத்த கல்யாணப் படங்களையோ கடைக் கணக்கையோ அல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் தான் இருந்த நிலையை மட்டுமே. அதற்காக உங்களுடையதைத் துடைத்துவிடும்.

பத்து வயதைத் தாண்டிய லேப்டாப்களில் இந்த மீட்பும் பல சமயம் பாதியில் நின்றுவிடுகிறது. நிறுவனங்கள் சி.டி. தருவதை நிறுத்திவிட்டு, விண்டோஸின் பிரதியை ஹார்ட் டிஸ்க்கிலேயே கண்ணில் படாத ஒரு பகுதியில் வைத்து விற்றன. இயந்திரத்தை இயக்கியதும் எச்.பி.யில் எஃப்11, அசூஸில் எஃப்9, ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10 என்று தட்டினால் அது எழுந்து வரும். டிஸ்க்கே பழுதானால்? பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

டிஸ்க் நன்றாக இருந்தும் மீட்பு தோற்பதுண்டு. இடம் போதவில்லை என்று யாரோ அந்த மறைவுப் பகுதியை அழித்திருப்பார்கள். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய எஸ்.எஸ்.டி. போட்டிருப்பார்கள். புதிய விண்டோஸோ லினக்ஸோ ஏற்றியதில் டிஸ்க்கின் பிரிவினை மாறியிருக்கும்.

தோற்றதும் பெரும்பாலோர் செய்வது, மறுபடி மறுபடி முயல்வது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. பாதியில் நின்ற மீட்பு, கோப்புகளின் அட்டவணையை அழித்திருக்கலாம். கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் கிடக்கலாம். ஒவ்வொரு முயற்சியும் அவற்றின் மேல் எழுதிக்கொண்டே போகும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால், ஓட ஓடச் சேதம் கூடும். கோப்புகள் வேண்டுமென்றால் உடனே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். சத்தம் போடும் டிஸ்க் என்றால் தரவு மீட்பில் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே மேல்.

நேரு பிளேஸிலோ லேமிங்டன் ரோட்டிலோ கடையில் கொடுப்பவர்கள், 'டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு மாலைக்குள் மறந்துபோகும்.

பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு. முதலில் டிஸ்க் சோதனை. டெல்லில் எஃப்12, எச்.பி.யில் எஃப்2 தட்டினால் உள்ளேயே சோதனை வசதி உண்டு. தேறாத டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். தேறினால் சார்ஜரைச் செருகி, பென் டிரைவ்களைப் பிடுங்கிவிட்டு, பயாஸில் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அதுவும் வேலையைக் கெடுக்கும். இத்தனைக்கும் மசியவில்லையென்றால் மறைவுப் பகுதியை மறந்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் தயாரித்து ஏற்றுவதே வழி.

உரிமத்துக்கு மறுபடி பணம் கேட்டால் யோசியுங்கள். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பின் அடியிலோ பேட்டரிக்குக் கீழேயோ 25 எழுத்துகள் கொண்ட ஸ்டிக்கர் இருக்கும். தேய்ந்து அழியுமுன் படம் எடுத்து வையுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது.

மீட்பு வெற்றி பெற்றாலும் ஒரு சிக்கல் உண்டு. திரும்பி வருவது அன்றைய விண்டோஸ். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல். ஆதரவு போன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பழைய இயந்திரத்துக்கு எளிய லினக்ஸ் ஒன்று போதும்.

மீட்பு விசையைத் தட்டுமுன் உங்கள் கோப்புகளின் பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விசையிலிருந்து கையை எடுங்கள்.