செருப்புக்கு எதுக்குங்க கதவு?

செருப்பு வைக்கிற ஸ்டாண்டைப் பத்தி ஒரு விவசாயி எழுத என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். இருக்குங்க. வருசத்துல பாதி நாள் சேத்துல நிக்கிறவன் நான். கால்ல எதைப் போடுறது, கழட்டினதை எங்க வைக்கிறதுன்னு உங்களை விட நாலு தடவை கூடுதலா யோசிக்க வேண்டியிருக்கு. அந்த உரிமையிலதான் இந்தப் பதிவு.

கொஞ்ச நாளா வாட்ஸ்அப் குழுக்கள்ல "செருப்பு வைக்க அருமையான யோசனைகள்"னு படமும் காணொளியுமா வந்து குவியுது. முன்னால பார்த்தா ஆளுயரக் கண்ணாடி, இழுத்தா உள்ளே செருப்பு. மாடிப்படிக்கு அடியில வரிசையா இழுப்பறை. சுவத்தோட சுவரா ஒட்டி, சாய்ச்சுத் திறக்கிற ஒல்லிப் பெட்டி. ராட்டினம் மாதிரி சுத்துற கூண்டு. உக்கார மெத்தை போட்ட பெஞ்சு, மெத்தையைத் தூக்கினா அடியில ஷூ. வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், கீலும் சக்கரமும் வழுக்கிட்டுப் போகுது. ஆனா எண்ணிப் பாருங்க, இதுல முக்கால்வாசி ஒரே யோசனைதான். செருப்பை யார் கண்ணுலயும் படாம ஒளிச்சு வைக்கிறது எப்படி?

இங்கதான் எனக்குக் கோபம் வருது.

எங்க பக்கம் சின்ன வெங்காயம் இருப்பு வைக்கப் பட்டறை போடுவாங்க. தரையை விட்டுத் தூக்கி, பக்கமெல்லாம் குச்சி வெச்சு, மேலே மட்டும் மழை படாம கூரை. ஏன் அப்படி? வெங்காயத்துக்குக் காத்து வேணும், மூடி வெச்சா அழுகிடும். அதைப் போடுற ஆள் எந்தக் கல்லூரியிலயும் வடிவமைப்பு படிச்சவரில்லை. ஆனா அந்தப் பொருளுக்கு என்ன வேணும்கிறதை மொதல்ல கேட்டிருக்கார். மாட்டுக் கொட்டாய்க்குத் தரையில வாட்டம் விடுறவரும் அப்படித்தான். செருப்புப் பெட்டி வடிவமைக்கிறவங்க மட்டும் ஏன் செருப்பைக் கேக்காம, வரவேற்பறைச் சுவத்தோட நிறத்தைக் கேக்கறாங்க?

செருப்பைக் கேட்டா அது என்ன சொல்லும்? "எனக்குக் காத்து வேணும்"னுதான் சொல்லும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஷூவுக்குள்ள இருக்கிற கால் வேர்த்துக் கொட்டுது. நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே இருக்கிற துணியும் தோலும் அந்த வேர்வையைக் குடிச்சு வெச்சிருக்கு. அதைக் கழட்டின கையோட இருட்டுப் பெட்டியில போட்டு மூடினா என்ன ஆகும்? ஈரம், இருட்டு, வெதுவெதுப்பு. பூஞ்சைக்கு இதை விட நல்ல நாத்தங்கால் நானே போட்டுத் தர முடியாது. அப்புறம் நாத்தம் வருதுன்னு உள்ளே வாசனை உருண்டை வாங்கிப் போடுறீங்க. நோயை உண்டாக்கிட்டு அதுக்கு மருந்து விக்கிற வியாபாரம் எங்களுக்குப் புதுசில்லைங்க, உரக்கடையில பாத்துப் பழகினதுதான்.

இன்னொண்ணு. நிறைய ஷூக்களுக்கு அடிப்பாகம் பாலியூரித்தேன்ல செய்யறாங்க. லேசா, மெத்துன்னு இருக்கும். ஆனா அதுக்கு ஒரு குணம் உண்டு. காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு அதோட கட்டு உள்ளுக்குள்ளேயே அறுந்துகிட்டு வரும். நீராற்பகுப்புன்னு வேதியியல் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. விலை கொடுத்து வாங்கின ஷூவைப் பெட்டியில பத்திரமா நாலஞ்சு வருசம் வெச்சுட்டு, ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டா, மண்டபத்து வாசல் தாண்டுறதுக்குள்ள அடி பிட்டு மாதிரி உதிருறது இதனாலதான். மூடி வெச்சா பத்திரம்கிறது நகைக்குச் சரி. செருப்புக்குச் சரிப்படாது.

பெட்டியோட கதையும் அதேதான். அழகா இருக்கிற அந்தப் பெட்டிகள்ல நிறைய, மரத்தூளையும் சிம்பையும் பசை போட்டு அழுத்தின பலகை. தண்ணி பட்டா ஊதிப் பெருத்துடும். மழையில நனைஞ்ச செருப்பை வைக்கத்தானே ஸ்டாண்டு? நனைஞ்ச செருப்பை வைக்கக் கூடாத ஸ்டாண்டை வாங்கி, ஐப்பசி மழையில செருப்பை வெளியில பழைய பேப்பர் மேல காயப் போடுற வீடுகளை நான் பாத்திருக்கேன். சாய்ச்சுத் திறக்கிற ஒல்லிப் பெட்டியில பெரிய ஆளோட ஷூ ஒழுங்கா நுழையாது. கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் இருக்கிற பொருளை அரையடி ஆழத்துல எப்படிங்க வைக்கிறது? மூக்கைக் கீழே குத்தி, தலைகீழா நிறுத்தித்தான்.

சரி, தோட்டத்துக்கு வாங்க. எங்க சாலை ஓரத்துல ரெண்டு முழம் உயரத்துக்கு மூங்கில் குச்சி வரிசையா அடிச்சிருக்கு, லேசா சாய்வா. வயல்ல இருந்து வந்ததும் ரப்பர் பூட்ஸைக் குழாயடியில கழுவி, ஒவ்வொரு குச்சியிலயும் ஒண்ணைக் கவுத்து மாட்டிடுவோம். தண்ணி வடியும், வெயில் காயும், வாய் கீழே பார்த்து இருக்கிறதால தேள் பூரான் குடியேறாது. இருந்தாலும் காலையில ஒரு தட்டு தட்டிட்டுத்தான் கால் விடுவோம். செலவு? குச்சி வெட்டின கூலி கூட இல்லை. உங்க பெட்டிக்குள்ள இருக்கிற ஷூவை மழைக்காலத்துல தட்டாமப் போட்டுப் பாருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது பாவம். மூடின, இருட்டான, சில்லுன்னு இருக்கிற பொந்துதான் பாம்புக்கும் தேளுக்கும் பிடிச்ச இடம். ஊருக்கு வெளியே தனி வீடு கட்டிக் குடிபோனவங்க இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

கால்ல போடுறது எங்களுக்கு அலங்காரமில்லைங்கிறதையும் சொல்லிடறேன். கொக்கிப்புழு மண்ணுல இருந்து வெறுங்கால் தோல் வழியா உள்ளே போய், குடல்ல உக்காந்து ரத்தம் உறிஞ்சும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருசத்துக்குச் சராசரியா 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், பாதிச் சாவு மழைக்கால மாதங்களில். நல்ல பூட்ஸ் இதுல பல கடியைத் தடுக்கும். அப்பேர்ப்பட்ட பொருளைத்தான் "அசிங்கம், உள்ளே வை"ன்னு சொல்றோம்.

அந்த "அசிங்கம்" எங்கிருந்து வந்ததுன்னு பேசாம இந்தப் பதிவை முடிச்சா நான் பாதி உண்மையைத்தான் எழுதினவன் ஆவேன். எங்க பக்கம் கவலை ஓட்டின காலத்தில், கிணத்துத் தண்ணியைத் தூக்கின தோல் பையைத் தைச்சுக் கொடுத்ததும், பண்ணயக்காரர் காலுக்குச் செருப்பு தைச்சுக் கொடுத்ததும் அருந்ததியர் மக்கள். தைச்சுக் கொடுத்த அவங்க, ஊர்த் தெருவுல அந்தச் செருப்பைப் போட்டு நடக்கக் கூடாது. கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போகணும். ஏதோ புராண காலத்துக் கதைன்னு நினைச்சுடாதீங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் திருத்தம் கொண்டுவந்து, 2016 ஜனவரி 26 முதல் அமலாச்சு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் செருப்பு போட விடாம தடுக்கிறதும், செருப்பு மாலை போடுறதும் குற்றம்னு அதுல பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஒரு நாட்டோட சட்டப் புத்தகத்துல செருப்புன்னு தனியா எழுத வேண்டி வந்ததுன்னா, செருப்பு வெறும் தோலும் ரப்பரும் இல்லைங்க.

நகரத்துல அதெல்லாம் இல்லைன்னு நீங்க சொல்வீங்க. ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு மஞ்சளும் அரிசியும் கொண்டு போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கட்டடம்கிறது வேண்டாம். வீட்டு வாசலை ஒட்டி உள்பக்கம் பளபளன்னு ஒரு செருப்பு அலமாரி, மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு இருபது ஜோடி வைக்கலாம். அங்க வேலை செய்யற அம்மாவோட செருப்பு மட்டும் மாடிப்படித் திருப்பத்துல, குப்பை வாளிக்குப் பக்கத்துல இருந்துச்சு. என் செருப்பை எங்க வைக்கிறதுன்னு கேட்டதுக்கு, "அங்கேயே, அவங்களோடது இருக்கில்ல, அதுகூட"ன்னு பதில் வந்துச்சு. யாரும் திட்டலை. காபி கூடக் கொடுத்தாங்க. ஆனா யாரோட செருப்பு அலமாரிக்கு, யாரோடது குப்பை வாளிக்குன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் யோசிக்காமலே முடிவாகியிருந்துச்சு. பழைய தெரு, புது லிஃப்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப உங்க பக்க நியாயத்துக்கு வரேன். வெளியில வெச்சா நாய் ஒத்தைச் செருப்பைத் தூக்கிட்டுப் போகும்கிறீங்க. உண்மைதான், அது ஏன் எப்பவும் ஒண்ணை மட்டும் தூக்குதுன்னு எனக்கும் புரியலை. திருட்டுப் போகும்கிறீங்க. அதுவும் உண்மை. எல்லாத்தையும் விட வலுவான நியாயம் ஒண்ணு இருக்கு. பொது நடைபாதையில ஸ்டாண்டு போட்டா, தீ விபத்து சமயத்துல இருட்டுலயும் புகையிலயும் ஓடுறவங்க காலைத் தடுக்கும். இதுல எனக்கு வாதமே கிடையாது. நடைபாதை காலியாத்தான் இருக்கணும்.

ஆனா அதுக்கு விடை கதவு போட்ட பெட்டியா? செருப்பைக் கழட்டாம வீட்டுக்குள்ள போகாத ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்ல வீடு கட்டி விக்கிறவர், வாசல்ல செருப்புக்குன்னு ரெண்டடி இடம் ஒதுக்காமலே வரைபடம் போடுறார். நாமளும் கேக்காம வாங்குறோம். ஜப்பான்காரங்களும் நம்மளை மாதிரி செருப்பைக் கழட்டிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறாங்க. அவங்க வீட்டுல கதவைத் திறந்ததும் "கெங்கான்"னு ஒரு இடம், தரை மட்டம் வீட்டை விடத் தாழ்வா. செருப்போட அழுக்கு அந்தப் படியைத் தாண்டாது. பள்ளிக்கூடத்துலயும் நுழைவாசல்ல வரிசையா செருப்பு மாடம். நம்ம பழைய வீட்டுலயும் தெருவுக்கும் நடைக்கும் நடுவுல திண்ணை இருந்துச்சு. திண்ணையை இடிச்சோம், இப்ப செருப்புக்கு இடமில்லைன்னு பெட்டி தேடுறோம்.

பெரிய கோயில் வாசல்ல இருக்கிற காலணிப் பாதுகாப்பிடத்தைப் போய்ப் பாருங்க. இரும்புச் சட்டத்துல சின்னச் சின்ன மாடம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண், கையில ஒரு வில்லை. ஒரு கதவு கிடையாது. கலெக்டர் செருப்பும் கரும்பு வெட்டுற ஆள் செருப்பும் அடுத்தடுத்த மாடம். ஒரே நாள்ல எத்தனையோ பேர் வந்தாலும் குழப்பமில்லாம நடக்குது. இதை விட நல்ல வடிவமைப்பு வேணும்னா, எதுக்கு வேணும்னு சொல்லுங்க.

திட்டிட்டு மட்டும் போனா நல்லாயிருக்காது. வேணும்கிறவங்களுக்கு, எங்க வீட்டுக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில செஞ்ச ஸ்டாண்டோட கணக்கைச் சொல்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் பலகை இல்லாம ரெண்டே கம்பி, பின் கம்பி ஒரு விரக்கடை உயரம். செருப்பு அது மேல சாய்ஞ்சு நிக்கும், மண்ணு தானா கீழே கொட்டிடும், ஈரம் ரெண்டு பக்கமும் காயும். அடித்தட்டு தரையில இருந்து அரையடி மேலே, அப்பத்தான் தொடப்பம் உள்ளே போகும், பூச்சி தங்காது. மேல்தட்டு முழங்கால் உயரத்துல ஒரு தடிப் பலகை. முட்டி வலிக்கிற பெரியவங்க உக்காந்து வாரைக் கட்டிக்கலாம். பிள்ளைங்க செருப்பு கீழ்த்தட்டுல, அதுங்களே எடுத்து வைக்கும்.

கடைசியா ஒரு தட்டு. அது வீட்டு ஆள் யாருக்கும் கிடையாது, எப்பவும் காலியா இருக்கணும். தபால் கொண்டு வர்றவர், கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர், பாத்திரம் தேய்க்க வர்ற அம்மா, ஊர்ல இருந்து அரிசி மூட்டையோட வர்ற என்னை மாதிரி ஆளுங்க, எல்லாருக்கும் அந்தத் தட்டு. மத்த எந்த வசதியை வேணும்னாலும் குறைச்சுக்குங்க, இதை மட்டும் குறைக்காதீங்க.

புதுசா ஃபிளாட் பாக்கப் போறவங்க, சமையலறைக் கல்லு கருப்பா பச்சையான்னு கேக்கறதுக்கு முன்னாடி, வாசல்ல செருப்புக்கு எங்க இடம் விட்டிருக்கீங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க. பத்துப் பேர் கேட்டா பதினோராவது கட்டடத்துல இடம் வரும். ஏற்கெனவே பெட்டி வாங்கிட்டவங்க அந்தக் கதவைக் கழட்டிடுங்க. நாலு திருகாணிதான், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும். கம்பி ஸ்டாண்டு செய்யறவங்களுக்கு அளவு வேணும்னா கேளுங்க, டேப் பிடிச்சு அளந்தே சொல்றேன்.