ஓட முடியாதவர் எந்த வழியாகப் போவார்?



பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பக்கம் புதிதாக ஒரு மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்டினால் இரண்டு சடங்கு நடக்கிறது. சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பானை மாட்டுவார்கள். வாசல் ஓரத்தில் பேருக்கு ஒரு சாய்தளம் போடுவார்கள். இரண்டையும் படம் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால் வேலை முடிந்தது. அடுத்த வாரம் சாய்தளத்தில் பைக் நிற்கும். தீயணைப்பானை எப்படி இயக்குவது என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கும் தெரியாது.

தீக்கு ஒரு விதி, மாற்றுத்திறனாளிக்கு ஒரு விதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் தப்பு. இரண்டும் கேட்பது ஒரே கேள்வி: உள்ளே வந்த ஒவ்வொருவரும் உயிரோடு வெளியே போக முடியுமா?

இதற்குச் சாட்சி நம்ம கடற்கரையிலேயே இருக்கிறது. வேம்பார், சாயல்குடி தாண்டிப் போனால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியுமுன்னே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப் போனார்கள். தீ அவர்களைத் தேடிப் போய்க் கொல்லவில்லை. எழுந்து ஓட முடியாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து 2004. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல், இறங்கக் குறுகலான படி. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணம். மதியச் சாப்பாடு சமைத்த இடத்தில் பிடித்த தீ மாடிக் கீற்றுக்கு ஏறியது. 94 பிள்ளைகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை நடத்தினார்கள். இறங்க இருந்தது ஒடுங்கலான ஒரு படிக்கட்டு. ஜனவரியில் கிடைத்த பாடத்தை ஜூலைக்குள் யாரும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தோம்? பள்ளிக்கூடங்களில் கீற்றை இறக்கினோம். நல்ல காரியம்தான். ஆனால் கீற்றைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, வழியை மறந்துவிட்டோம். கான்கிரீட் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பு. டெல்லி உப்ஹார் தியேட்டர் கீற்றுக் கொட்டகையா? 1997 ஜூன் 13 அன்று அங்கே 59 பேர் இறந்தார்கள். கூடுதல் டிக்கெட் விற்பதற்காக வழியை மறித்து நாற்காலி போட்டிருந்தார்கள். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று எரிந்தது பெரிய தனியார் ஆஸ்பத்திரி. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். புகையில் மூச்சடைத்துப் போனவர்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். போன முகூர்த்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். பந்தி மாடியில். எண்பது வயது தாண்டிய எங்கள் பெரியம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே கூட்டத்தைக் கட்டுப்படுத்த கிரில் கேட்டைப் பாதி சாத்தியிருந்தார்கள். இரண்டாவது படிக்கட்டு இருந்தது. அதில் பாத்திரமும் காய்கறி மூட்டையும் அடுக்கியிருந்தார்கள். சாப்பாட்டுக்குத் தூக்கிப் போன அந்த நாலு பையன்களும், கீழே சமையற்கட்டில் சிலிண்டர் வெடித்தால் மேலே ஓடி வருவார்களா? அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு உயிரை நாலு பேருடைய மனசை நம்பி விடலாமா என்று கேட்கிறேன்.

“லிப்ட் வைக்கிறோம் சார்” என்பார்கள். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக்கூடாது என்பது முதல் பாடம். அதனால்தான் பந்தியைத் தரைத்தளத்தில் வையுங்கள் என்கிறேன்.

“இதெல்லாம் சென்னைக்குச் சரி, சின்ன ஊருக்கு எதற்கு?” என்பார்கள். ஏர்வாடி எவ்வளவு பெரிய நகரம்? சின்ன ஊரில்தான் ஆபத்து அதிகம். கூடுதல் தீயணைப்பு வண்டி வேண்டும் என்றால் வெளியூரிலிருந்து வரவேண்டும். அது வந்து சேரும்வரை நம்மைக் காப்பாற்றுவது வாசலும் படியும்தான்.

“இடம் இல்லை, செலவு அதிகம்” என்பார்கள். கணக்குப் போடுவோம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கரிசல் மண், மழைச் சேறு என்று தரையை உயர்த்திக் கட்டுகிறோம். வாசலில் அரை அடிப் படி ஐந்து. உயரம் இரண்டரை அடி. அப்படியானால் சாய்தளம் முப்பது அடி. நீளமாகத் தெரிந்தால் நடுவில் மட்டமான இடம் விட்டு மடக்கிக் கட்டலாம். நம் ஊரில் ஐந்து படிக்கு எட்டு அடிச் சரிவு போடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, உருளும். முகப்பு அலங்காரத்துக்கும் கிரானைட்டுக்கும் காசு இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லையா?

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல் வசதி இல்லாத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்கிறது. ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்து வருடம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனோடு கெடு முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், விதிகள் வெறும் ஆலோசனை மாதிரி இருக்கின்றன, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு வைத்தது. டெல்லி உத்தரவு விளாத்திகுளம் வாசலுக்குத் தானாக நடந்து வராது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் இன்ஜினியர் இருக்கிறீர்கள், காண்ட்ராக்டர், கொத்தனார் இருக்கிறீர்கள், கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டாவது படி இல்லாத வரைபடம் போடாதீர்கள். நேரில் போய் நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு வளைவு கட்டித் தருகிறேன் என்றால், வளைவு வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கும் கதவும் சரியான சாய்தளமும் கட்டிக் கொடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள்: பந்தி எந்த மாடி? இரண்டாவது வழி எங்கே? அதன் சாவி யாரிடம்? பதில் சரியில்லை என்றால் வேறு மண்டபம் பாருங்கள். நாலு கல்யாணம் கைமாறிப் போனால் ஐந்தாவது மாதம் சாய்தளம் முளைக்கும்.

கீழே “அருமை சார்” என்று யாரும் எழுத வேண்டாம். உங்கள் கடையில், பள்ளியில், ஆபீசில் எத்தனை வழி இருக்கிறது, அதில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.